வகிடு

முதல் கேரட் பிடுங்கிய மறுநாளே
தோர்கில் ரை விதைத்தான்.
விரும்பி அல்ல.
டென்மார்க்கில் குளிர்காலத்துக்கு
நிலத்தில் இவ்வளவு பங்கு
பச்சையாக இருக்கவேண்டும் என்று சட்டம்.
"விற்கமுடியாத பயிருக்கு டீசல் வேறு" என்றான்.
காற்றால் விதை ஊதும் எட்டுக் குழாய்களில்
ஒன்று அடைத்திருந்ததை
அவன் கவனிக்கவில்லை. நானும்தான்.

பத்தாம் நாள் முளைத்தபோது தெரிந்தது:
தலைவாரி விட்ட வயல்.
டிராக்டர் போன ஒவ்வொரு நடைக்கும் ஒரு வகிடு.
வகிட்டில் மண் மட்டும்.
மண்ணில் சிப்பி.

சிப்பி இருக்காதா பின்னே?
நாங்கள் நிற்பது கடலின் அடி.
யாரோ அணைகட்டி, இறைத்து,
தண்ணீரை அந்தப் பக்கம் நிறுத்திவிட்டுப் போனார்கள்.
பம்பு இன்றும் இரவெல்லாம் ஓடுகிறது.
கோசின் வேர் அழுகாதிருக்க
மழையை மேலே ஏற்றிக்
கடலுக்கு அனுப்பிவைக்கிறோம்.
மழை வெறுங்கையோடு போவதில்லை.

உரக்கணக்கு என் வேலை.
எத்தனை மூட்டை வாங்கியது, எத்தனை கிலோ இட்டது,
எந்தத் துண்டில், எந்தத் தேதியில்.
தழைச்சத்துக்கு வரவு உண்டு.
செலவில் பயிரின் பெயர் எழுதவேண்டும்.
காணாமல் போனதற்குக் கட்டம் கிடையாது.

நவம்பரில் துளைக்கோலோடு போனேன்.
முழங்கை ஆழத்தில்
ரைக்குக் கீழே ஒரு பிடி மண்,
வகிட்டுக்குக் கீழே ஒரு பிடி.
ஜாம் பாட்டிலில் கரைத்து, தெளியவிட்டு,
சோதனைத் தாளை நனைத்தேன்.
ரை: வெள்ளைத் தாள் வெள்ளையாகவே.
வகிடு: பீட்ரூட் நறுக்கிய பலகையின் நிறம்.
"பார்த்தாயா, சத்து வகிட்டில்தான் இருக்கிறது"
என்றான் தோர்கில்.
அன்றைக்கு அது உண்மை.

மார்ச்சில் அதே இடம், அதே பாட்டில்.
வகிடும் வெளுத்துவிட்டது.
திரும்பும் வழியில் வாய்க்காலில் குனிந்து
இன்னொரு தாளை நனைத்தேன்.
பீட்ரூட்.

இதோடு முடிந்திருந்தால்
நான் ஜெயித்திருப்பேன்.
ஏப்ரல் முழுவதும் மழை.
டிராக்டர் இறங்க வழியில்லை.
ரை யாருக்காகக் காத்திருக்கும்?
இடுப்பளவு வந்தது, தண்டு முற்றியது,
நின்றபடியே பாதி வைக்கோலானது.
மே கடைசியில் மடக்கி உழுது
கோசு நட்டோம்.
வைக்கோலைத் தின்னக் கிளம்பிய நுண்ணுயிர்கள்
கிடைத்த தழைச்சத்தையெல்லாம் வாரிக்கொண்டன.
பந்திக்கு முந்தியது மண்.
நாற்று நின்று பார்த்தது.
பார்த்தே மஞ்சளானது.

வகிட்டில் மட்டும் பச்சை.
சாலையில் போகிறவர்கள்கூட எண்ணிவிடலாம்,
அத்தனை நேர்க்கோடு.

தோர்கில் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.
ஆறு மூட்டை கூடுதலாக வாங்கிவந்து
மஞ்சளுக்கு மட்டும் இட்டான்.
கணக்கில் நான்தான் எழுதினேன்,
ரைக்காக வாதாடிய அதே கையால்.

ஆகஸ்டில் அறுவடை.
வகிட்டுக் கோசைத் தனிப்பெட்டியில் போடச் சொன்னேன்.
லித்துவேனியாவிலிருந்து வெட்ட வரும் டாங்குவோலெ
இரண்டு பெட்டியையும் மாறிமாறிப் பார்த்து
"எல்லாம் கோசுதானே?" என்றாள்.
எடை போட்டேன்.
கோசுக்கு ஒரு மேலிலை கூட, குறைய.
அவ்வளவுதான்.
கோசு சாட்சி சொல்லாது.
தண்ணீர் சொன்னது, மார்ச்சில்.
அதைக் கேட்க அன்று
நான் ஒருத்திதான் குனிந்திருந்தேன்.

பெட்டிகளை இறக்கிவிட்டு வந்தபோது
விதைக்கும் இயந்திரத்துக்கு அடியில்
தோர்கிலின் பூட்ஸ் தெரிந்தது.
எட்டாவது குழாயைக் கம்பியால் குடைந்துகொண்டிருந்தான்.
வெளியே வந்தது ஒரு குளவிக்கூடு,
கட்டைவிரல் நுனி அளவு.
எங்கள் வயல் மண்ணேதான்;
சுவரில் ஒரு சிப்பித் துணுக்குகூட.
உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினான்.
"இதை எந்தக் கட்டத்தில் எழுதுவாய்?"

பிறகு, குழாயிடம் பேசுவதுபோல்,
"ரையோடு கொஞ்சம் பயறு கலக்கலாம்.
முழங்கால் தாண்டுமுன் மடக்கிவிட வேண்டும்."

"ஏப்ரலில் மறுபடி மழை பெய்தால்?" என்றேன்.

"பெய்யும்" என்றான்,
அடுத்த குழாயில் கம்பியை விட்டபடி.