நூல் பிரிந்த கோட்டு

நாற்பத்து மூன்று பேர்.
எக்செல் தாளில் காலாவதி நாள்படி அடுக்கி வைத்திருக்கிறேன்.
அறுபது நாள் இருந்தால் மஞ்சள்.
முப்பது என்றால் சிவப்பு.
சிவப்பு கூடிவிட்டால் தியோ உள்ளறையிலிருந்து கூப்பிடுவார்:
இதில் எத்தனை பேர் வேணும், எத்தனை பேர் வேணாம்?
கத்திரிக்காய்க் கூடையைக் குலுக்கிப் பார்க்கிற குரல்.

காக்கி புக்கிட், மூன்றாம் மாடி.
என் சன்னலுக்கு எதிரே இன்னொரு சன்னல்.
அங்கேயும் ஒருத்தி
திரையின் சிவப்பு முகத்தில் பட உட்கார்ந்திருக்கிறாள்.

படங்கள் என் பொறுப்பு.
மூன்று மாதத்துக்குள் எடுத்தது,
வெள்ளைப் பின்னணி, காது தெரிய, சிரிக்காமல்.
தேக்காவில்தான் எடுத்து வருகிறார்கள்,
ஞாயிற்றுக்கிழமை, பிரியாணிக்கு முன்னால்.
அந்த ஸ்டூடியோவில் ஒரு கோட்டு ஆணியில் தொங்குகிறது போலும்.
கருநீலம். இடது காலரில் நூல் பிரிந்தது.
முதல் வருடம் நான் கவனிக்கவில்லை.
பிறகு பார்த்தால்
சாரம் கட்டும் அய்யாறப்பன் அதற்குள்.
வெல்டர் மொதாஹார் அதற்குள், தோள் இறுகி.
பிச்சைக்கனிக்கு அது தொளதொள,
கழுத்தைத் தேட வேண்டும்.
நாற்பத்திரண்டு பேருக்கும்
ஒரே இடத்தில் நூல் பிரிந்திருக்கிறது.
அமைச்சின் கணினிக்கு
எங்கள் ஆட்கள் எல்லாரும்
ஏதோ ஒரே கல்யாணத்துக்குப் போய் வந்தவர்கள்.

அய்யாறப்பனுக்கு மட்டும் என் கோப்பில் நாலு படம்,
இரண்டு வருடத்துக்கு ஒன்று.
முதலாவதில் வகிடு.
அடுத்ததில் மீசை.
மூன்றாவதில் புருவத்துக்கு மேலே ஒரு வடு:
துவாஸ், ஆறாம் தளத்திலிருந்து விழுந்த கிளாம்ப்;
மூன்று நாள் மருத்துவ விடுப்பு, பதிந்தது நான்.
நாலாவதில் வடு இல்லை.
"ஸ்டூடியோக்காரன் அழிச்சுட்டான்க்கா. சும்மாதான், காசு வாங்கல."
திருப்பி அனுப்பினேன்.
அடுத்த வாரம் வடுவோடு வந்தார்.
கோட்டு அதே.

ஒவ்வொருவர் தலைக்கும் ஐயாயிரம் வெள்ளி பிணை.
மாதாமாதம் லெவி, அது தனி.
ரத்து செய்ய ஒரு பொத்தான் உண்டு.
அமுக்கினால் "உறுதியா?" என்று கேட்கும்.
ஒருமுறைதான் கேட்கும்.
அப்புறம் டிக்கெட் போட வேண்டும்,
திருச்சி அல்லது டாக்கா, ஒரு வழி.
அந்தக் கேள்வியைத் திரையில் விட்டுவிட்டு
எழுந்துபோய்த் தண்ணீர் குடித்து வருவது என் வழக்கம்.
அதனால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

சொல்ல விட்டுப்போயிற்று.
நாற்பத்து மூன்றாவது ஆள் நான்.
கோமளா, ஸ்கூடாய்.
விடியாத நாலேகால் பேருந்து,
பாலம் முழுக்க மோட்டார் சைக்கிள்களின் பின்விளக்கு.
எனக்குப் பிணை கிடையாது,
மலேசியருக்குக் கேட்பதில்லை.
ஒருநாள் அய்யாறப்பனிடம் இதைச் சொன்னேன்.
"அப்ப உங்களவிட நான் ஐயாயிரம் ஜாஸ்தி" என்றார்.
மைக்ரோவேவ் மணி அடிக்கும்வரை சிரித்தோம்.

போன மாதம் என் வரி மஞ்சள்.
திங்கட்கிழமை சிவப்பு.
தியோ கூப்பிட்டார், எத்தனை பேர் என்று.
ஒவ்வொரு பெயராக வாசித்தேன்.
வேணும். வேணும். வேணாம். வேணும்.
என் பெயரை வாசிக்கவில்லை.
அவரும் கேட்கவில்லை.
அது வேணுமா வேணாமா என்று
இன்னும் எனக்குத் தெரியாது.

இன்று சாப்பாட்டு நேரத்தில் ரயிலேறித் தேக்கா போனேன்.
ஸ்டூடியோ இரண்டு ஆள் அகலம்.
ஆணி இருந்தது.
"லேடீசுக்கு வேற இருக்குக்கா, வெள்ளக் கோட்டு" என்றான் பையன்.
இதுதான் வேணும் என்றேன்.
உள்ளே ஈரம்,
யாரோ இப்போதுதான் கழற்றிப் போட்டிருக்கிறார்.
பிரிந்த நூல் தாடைக்குக் கீழே உரசிற்று.

"சிரிக்காதீங்க.
சிரிச்சா ஆபீசுல ரிஜெக்ட் பண்ணிருவாங்க.
அங்க ஒரு பொம்பள இருக்காம்."