நெளிந்த கோப்பை

விடிய நாலே முக்காலுக்கு எழும்பிவிடுகிறேன்.
முந்தி எழுப்பினது கனவு.
இப்ப பின்வளவு முதிரையில் இருக்கிற மயில்.
அதின்ர குரல் வடிவில்லை.
பரவாயில்லை.

கண் திறந்ததும் போனை எடுப்பதில்லை.
அது அரிசி வாளிக்குள் கிடக்கும்.
முதல் கிழமை
மூன்று தரம் வாளியைத் திறந்தேன்.
நாலாம் தரம் போனபோது
மூடிக்கு மேல் அம்மிக்குழவி இருந்தது.
தர்மினி ஒன்றும் சொல்லவில்லை,
தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

பிறகு கிணற்றடி.
ஒரு வாளி எனக்கு,
ஒரு வாளி கறிவேப்பிலைக் கன்றுக்கு.
இது மூன்றாவது கன்று.
முதலாவதை வெயில் தின்றது,
இரண்டாவதை மரியநாயகத்தின் ஆடு.
பொல்லோடு ஆட்டுக்குப் பின்னால் ஓடினவன்
பாதி வழியில் நின்றேன்.
மூச்சு வாங்கினதால்தான் என்று நினைக்கிறேன்.
கொப்பியில் மட்டும்
'கோபத்தை அடக்கினேன்' என்று எழுதினேன்.

கொப்பி கிளினிக்கில் தந்தது.
கிளிநொச்சி ஆஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமை,
மின்விசிறி சுத்தாத அறை.
'நாளுக்கு மூண்டு நல்ல விசயம் எழுதுங்கோ அண்ணை'
என்றா அந்த மிஸ்.
சிரித்துவிட்டேன்.
விசுவமடுவில்
நாளுக்கு மூன்றுக்கு நான் எங்கே போக?

முதல் நாள்: டீசல் காணும்.
இரண்டாம் நாள்: டீசல் முடிஞ்சுது,
ஆனால் வீட்டுக்குக் கிட்ட.
மூன்றாம் நாள் வெறும் தாள்.
நாலாம் நாள்:
உழுதுகொண்டு போக
ரக்ரருக்குப் பின்னால் கொக்குகள் வந்தன,
சம்பளம் கேட்காத பெடியள் மாதிரி.
வாசித்த மிஸ் தலை நிமிர்ந்து
'இதைப் போல' என்றா.
எதைப் போல என்று கேட்க வெட்கமாயிருந்தது.

பின்னேரம் குளக்கட்டில் நடக்கிறேன்,
துருசு மட்டும் போய்த் திரும்புவேன்.
கண்டவர்கள் எல்லாம் கேட்டார்கள்:
'மாடு துலைஞ்சுதோ?'
ஒன்றையும் தேடாமல் நடக்கிறவனை
ஊர் நம்பாது.
இப்ப ஒரு கயிறு கொண்டு போகிறேன்.
ஒருத்தரும் கேட்பதில்லை.

கிளினிக்குக்கு ஏன் போனேன் என்று
இன்னும் சொல்லவில்லை.
ஒரு கோப்பையால் போனேன்.
மார்கழி மழை, லீசிங் காசு, கூரை ஒழுக்கு,
சோற்றில் ஒரு கல்.
எறிந்தேன்.
ஒருத்தரிலும் படவில்லை,
சுவரில் பட்டு விளிம்பு நெளிந்தது.
அபிசாவுக்கு அப்ப ஆறு வயது.
அவள் அழவில்லை.
மேசைக்குக் கீழே போய்
தலைக்கு மேல் கை வைத்துக் குந்தினாள்.
பங்கருக்குள் நான் குந்தினதும்
இப்படித்தான்.
சண்டை முடிந்து எத்தனையோ வருசத்துக்குப் பிறகு
பிறந்த பிள்ளை.
ஆர் பழக்கினது?

அதற்குப் பிறகு என்னிடம்
ஒன்றும் நேரே கேட்கமாட்டாள்.
பென்சில் என்றாலும் தாய்தான் வந்து சொல்லுவாள்.

கோப்பையை வீச விடவில்லை.
இரவுச் சாப்பாடு முடிய
எல்லாப் பாத்திரமும் நான்தான் கழுவுகிறேன்,
தும்பும் சாம்பலும் போட்டு.
அதைக் கடைசியாய் எடுத்து
நெளிந்த இடத்தில் பெருவிரல் வைத்துத் தேய்ப்பேன்.
நிமிர்த்தப் பார்த்ததில்லை.

எல்லா நாளும் இப்படி என்றில்லை.
வைகாசியில் ஒரு கிழமை பாயில் கிடந்தேன்.
கொப்பியும் கிடந்தது.
கன்றுக்கு ஆர் தண்ணீர் ஊற்றினது
என்று கேட்கவும் இல்லை.
எட்டாம் நாள் போய்ப் பார்க்க
மண் ஈரமாயிருந்தது,
சின்னக் கால் அடையாளம் இரண்டு.
வாளியைத் தூக்கினேன்.

நேற்றிரவு சோற்றில் திரும்பவும் கல்.
பல்லில் நெறுக்கென்றது.
தர்மினியின் கை கறிச் சட்டியில் நின்றது.
கல்லை எடுத்துக் கோப்பை விளிம்பில் வைத்தேன்.
நெளிவுக்குள் அது உருளாமல் இருந்தது.
மற்றக் கவளத்தைக் குழைத்தேன்.
அபிசா கல்லைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
'அப்பா, நாளைக்கு ரியூசனுக்கு
இருநூறு ரூபா வேணும்.'

மூன்று விசயம் எழுதவேண்டிய இடத்தில்
அதை மட்டும் எழுதினேன்:
இருநூறு ரூபா கேட்டாள்.