மணல்மூட்டைப் பயணிகள்

சனிக்கிழமை காலை. ஈசூன் சமூக மன்றம், மூன்றாம் மாடி.
குளிரூட்டி அதிகம்.
எட்டு வயிறுகள், எட்டு நீலப் பாய்கள்.
தாதி ரொஹாயா பொம்மைகளைக் கொண்டுவருகிறார்
சந்தைக்குக் கோழி கொண்டுபோவதுபோல்,
கால் மேலே, தலை கீழே.

என்னுடையதற்குக் கழுத்துத் திருகாணி தளர்வு.
தூக்கினால் தலை பின்னால் சாய்ந்து
கூரையைப் பார்த்துச் சிரிக்கிறது.
"கழுத்துக்கு எப்போதும் ஒரு கை.
உங்களுக்குத்தான் இன்று நல்ல பொம்மை."

பக்கத்துப் பாயில் சியூ ஹூனின் கணவர்
டயப்பரை முன்பின்னாகக் கட்டி
படமெடுத்துத் தன் அம்மாவுக்கு அனுப்புகிறார்.
பதில் உடனே வருகிறது.
அவிழ்க்கிறார்.

என் பாயில் பாதி காலி.
கப்பல் பட்டறையில் இரவெல்லாம் நின்ற செழியன்
இந்நேரம் காலணியோடு தூங்கியிருப்பான்.
மூச்சை எண்ணுங்கள், நான்கு உள்ளே, ஆறு வெளியே.
அவன் பங்கையும் சேர்த்து எண்ணுகிறேன்.
கணக்கு உதைக்கிறது.

பேருந்து ஓட்டப் பழகிய நாட்களில்
இருக்கைகளில் மணல்மூட்டைகளை ஏற்றிவிடுவார்கள்.
அவை மணி அடிக்காதவை.
அட்டையில் பணமில்லை என்று முழிக்காதவை.
எப்படி பிரேக் போட்டாலும்
என்னை ஏசாதவை.
ஆறு வாரம் ஓட்டினேன், தேறினேன்.
ஏழாம் வாரம், முதல் நிறுத்தம்,
கீரைக்கட்டோடு ஒரு மாது ஏறி
அட்டையைத் தட்டி "மார்னிங்" என்றார்.
ஸ்டீயரிங்கில் என் கை நடுங்கியது.

ரொஹாயாவிடம் கேட்க நினைத்தேன்,
மூட்டைக்கும் ஆளுக்கும் நடுவிலுள்ள
அந்த ஒரு நிறுத்தத்துக்கு
என்ன பாடம் வைத்திருக்கிறீர்கள்?
கேட்டதென்னவோ,
"குளிப்பாட்ட நீர் எவ்வளவு சூடு?"
"முழங்கை சொல்லும்," என்றார்.

முழங்கை!
முப்பத்தொரு வருடமாய் மேசையில் ஊன்றியதல்லாமல்
அதற்கொரு வேலையும் தந்ததில்லை நான்.

திரும்பும்போது, என் தடத்துப் பேருந்திலேயே
ஒதுக்கப்பட்ட இருக்கையில், பயணியாக.
ஓட்டுபவர் புதியவர்,
வளைவுக்குள் போய்த்தான் பிரேக்கைத் தேடினார்.
திட்ட வாயெடுக்கும் முன்,
கம்பியைப் பிடிக்கும் முன்,
இடக்கை எங்கே போயிருக்கிறது என்று
குனிந்து பார்த்தேன்.

உள்ளிருந்து ஓர் இடி.
இறங்க வேண்டியவர் மணியை அழுத்துவதுபோல்,
கொஞ்சம் பொறுமையில்லாமல், இரண்டு முறை.

உட்காரம்மா.
நிறுத்தம் இன்னும் ஒன்பது வாரம் தள்ளி.
ஓட்டுநரும் புதுசு.