ஏழாவது நிபந்தனை

ஒப்பந்தத்தில் ஏழாவது நிபந்தனை:
செல்லப்பிராணிகள் வைத்திருக்கக் கூடாது.
இரண்டு பிரதியிலும் கையெழுத்து வைத்தேன்.
அது வைக்கவில்லை.

நான் வரமுன்பே இருந்தது,
குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால்
தீப்பெட்டி நுழையாத இடுக்கில்,
முற்பணமில்லை, வாடகையில்லை.

முதலிரவு பல் தீட்டிக்கொண்டிருக்கையில்
கண்ணாடி விளிம்பில் ஒரு கால்.
பிறகு இன்னொன்று.
மிச்சத்தை எண்ண நான் அங்கே இல்லை.
துவாயோடு படிக்கட்டில் நின்று கத்தினேன்.
வெள்ளவத்தை முழுக்கக் கேட்டிருக்கும்
எட்டரை ரயில் மட்டும் அந்நேரம் வராதிருந்தால்.

மேல்வீட்டு பைரோஸா இறங்கி வந்தாள்
ஒரு கையில் பிள்ளை, மறு கையில் தும்புத்தடி.
கதவு நிலைக்கு மேலே அது,
விரித்த என் கையளவு, சுவரோடு சுவராக.
ஓங்கியவள் நிறுத்தினாள்.
"வாயில என்னவோ வச்சிருக்கு."
கரப்பான்.
போன கிழமை சோற்றுச் சட்டிக்குள்ளிருந்து
என் முகத்துக்குப் பறந்தது போலொன்று.
"உங்கட ஆள் வேலையில நிக்கிது"
என்றுவிட்டுப் படியேறிப் போனாள்.

புறக்கோட்டையில், கணக்குப் பிரிவில்,
ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள்.
மூத்திரம் பெய்தால் உதடு கொப்பளிக்கும் என்றாள் ஜெசிந்தா.
நித்திரையில் காதுக்குள் போகும் என்றார் பெரேரா.
(அந்தக் காலுக்கா, இந்தக் காதா?)
நான் ஒன்றும் சொல்லவில்லை.
போன வருஷம் எட்டு நாள்
சேலைன் ஏற்றிக்கொண்டு வார்ட்டில் கிடந்தேனே,
அது நுளம்பின் வேலை.
எள்ளளவு. கண்ணிலும் படவில்லை.
அதைக் கண்டு ஒருநாளும்
துவாயோடு ஓடியதில்லை நான்.

மெல்ல மெல்ல ஒரு நடைமுறை வந்தது.
லைட் போடமுன் கதவில் இரண்டு தட்டு.
சப்பாத்தைக் கவிழ்த்து ஒரு உதறல்.
துவாய்க்கும் ஒன்று.
தட்டினால் அது கண்ணாடிக்குப் பின்னே போய்விடும்,
இரண்டு கால் மட்டும் வெளியே மறந்துபோய்.

மழைக்குப் பிறகு புகையடிக்க வந்தார்கள்.
மூன்று மொழியில் நோட்டீஸ்:
யன்னல்களைத் திறக்கவும்,
மீன்தொட்டிகளை மூடவும்,
கூட்டுப் பறவைகளை வெளியே எடுக்கவும்.
நாலாவது வரி இருக்கவில்லை.

ஐஸ்கிரீம் டப்பாவை மெதுவாகக் கவிழ்த்து
அடியால் ஒரு கலியாணக் கார்டைச் செருகினேன்.
தங்க எழுத்துக்கு அப்பால்
எட்டுக் கால் நடப்பது விரலுக்குத் தெரிந்தது.
மூடியை மாற்றுகையில் பார்த்தேன்,
வயிற்றுக்கடியில் சட்டைப் பொத்தான்போல் வெள்ளையாய்
ஒரு தட்டை முட்டைப்பை, இறுகப் பிடித்தபடி.
அவள்.

மரைன் டிரைவில், கடலைப் பார்த்த கட்டில்
டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.
பின்னால் ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை.
அந்நேரம் பார்த்து, மாலை நடைக்கு வந்தவர்
மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தார்:
வீட்டுக்காரர் தர்மகுலராஜா,
மூன்று குறி விபூதி, வெள்ளைக் கான்வஸ்.
"என்ன பிள்ளை, கேக்கோ?"
மூடியில் உள்ளிருந்து ஒரு சுரண்டல்.
"முட்டை போட்டது, ஐயா."
"ஐயோ, இண்டைக்கு வெள்ளி."
அரை அடி தள்ளி இருந்தார்.
நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

இருட்டிய பிறகு சுவரை ஈரத்துணியால் துடைத்து
டப்பாவைத் திறந்து வைத்தேன்.
நெடுநேரம் வரவில்லை.
தேத்தண்ணி ஊற்றித் திரும்ப வந்தால்
டப்பா வெறுமை,
கண்ணாடியோரம் இரண்டு கால்.

மூன்று கிழமை கழித்து ஒரு காலை
கண்ணாடிச் சட்டத்தில் மிளகுத்தூள் சிந்தியிருந்தது.
ஊதினேன்.
தூள் ஓடியது, எல்லாப் பக்கமும்.

இப்போது அலுவலகக் கழிவறையிலும்
என்னையறியாமல் இரண்டு தட்டுத் தட்டுகிறேன்.
"ஆள் இருக்கு" என்கிறாள் ஜெசிந்தா உள்ளிருந்து.