அரை மாத்திரை

பதிவன்று குளிர்சாதனத்தை அணைத்துவிட்டார்கள்,
அதன் முனகல் ஒலிவாங்கியில் விழுமாம்.
காத்தோங் தேவாலயத்தில் நாற்பத்தாறு பேர்
வியர்த்து வழிந்தபடி
இறந்தவர்களுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டோம்,
லத்தீனில்.

இப்போது ஹவ்காங், ஒன்பதாம் மாடி,
இரவு ஒரு மணி.
மகனின் ஹெட்ஃபோன் காதை அழுத்துகிறது.
வெள்ளிக்குள் மேடலின் கோவுக்குச் சொல்லியாக வேண்டும்,
மூன்றாம் பதிவா ஐந்தாம் பதிவா என்று.
படிவம் தந்திருக்கிறார்: சுருதி, சொல், சமநிலை, பிற.

ஐந்து சுத்தம்.
துடைத்து முடித்து ஆள் நடக்கவிடாத
மருத்துவமனைத் தரை.
சுருதி எங்கும் இறங்கவில்லை.
யாரும் எங்கும் போகவுமில்லை.

மூன்றில்
சொப்ரானோக்கள் உச்சியில் கொஞ்சம் சிணுங்குகிறார்கள்.
பேஸ் வரிசையில் செபமாலைநாதன்
ரகரத்தை உருட்டுவது தனியாகத் தெரிகிறது
(மற்றவர்கள் மூன்று மாதம் பழகியது
அவருக்குப் பிறவியிலேயே வந்தது).
நாலாம் நிமிடம் குயில்.
நம் கவிஞர்களுக்குத்தான் அது குயில்,
ஒலிப்பதிவாளர் ரிட்சுவானுக்கு
ஆயிரத்து ஐந்நூறு ஹெர்ட்ஸ் தொல்லை.
ஒளி என்னும் லத்தீன் சொல் 'ஸ்' என்று முடியும்.
நாற்பத்தாறு 'ஸ்',
கடுகு வெடிப்பதுபோல் ஆளுக்கொரு நேரத்தில்.
உயிரில் ஒன்றாக இருந்தோம்,
மெய்யில் சிதறிவிட்டோம்.
இதை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன்,
பாதிதான் வந்தது.

பிறகு பதினோராம் நிமிடம், நாற்பதாவது நொடி.
மௌனம் முடியுமுன்
ஓர் ஆல்ட்டோ நுழைந்துவிடுகிறாள்,
அரை மாத்திரை முன்னால்.
ஒரு மெய்யெழுத்தின் நேரம், அவ்வளவுதான்.
யாரிது என்று பேனாவை எடுத்தவளுக்கு
குரலை அடையாளம் காண
இரண்டு முறை ஓட்டவேண்டியிருந்தது.
நான்.

ஐந்து என்று எழுதினேன்.
அடிக்கோடும் போட்டேன்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்து
ஏழாம் முறை கேட்கும்போதுதான்
என் குரலுக்கு அடியில் இன்னொன்று.
இங் பெய் வென். என் இடப்பக்கம் நிற்பவள்.
எண்ணிக்கை தவறாதவள்,
ஒத்திகையில் பென்சிலால் என் தாளைத் தட்டுபவள்.
நான் விழுந்தது காதில் பட்டு
தப்பென்று தெரிந்தே
அவளும் குதித்திருக்கிறாள்.
இரண்டு பேர் என்பதால்
கிட்டத்தட்ட சரியாகவே கேட்கிறது.

அன்று மாலை
லக்சாவில் உறைப்பு போதவில்லை என்றுதான்
வழியெல்லாம் குறைப்பட்டாள்.

ஐந்தை அடித்துவிட்டு, மூன்று.
'பிற' என்ற கட்டத்தில்:
குயிலை எடுத்துவிடலாம்.
பதினொன்று நாற்பதை
ரிட்சுவான் தொடவேண்டாம்.