நூற்று முப்பத்திரண்டு

குழாயில் நூற்று முப்பத்திரண்டு.
டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
இரண்டு தரம் பார்த்தேன்.
நூற்றைம்பதில் மணி அடிக்கவேண்டும்.
கொழும்பிலிருந்து வந்தவர்கள்
சிவப்புக் கோடு போட்டுத்தான் கொடுத்தார்கள்.
கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே
சுண்டுவிரல் அகலத்துக்கு வெளிச்சம்.

வைகாசியில் ஒருமுறை அடித்தேன்.
இருபத்திரண்டு காம்பராவும்
பாயைச் சுருட்டிக்கொண்டு பாடசாலைக்கு ஏறியது.
மலை அசையவில்லை.
மறுநாள் பெரட்டில் யாருக்கும் பெயர் விழவில்லை.
"மணிக்காரி வாரா, ஒதுங்குங்க" என்று
கொழுந்து நிறுக்கிற இடத்தில் சிரித்தார்கள்.
போன கூலியை
யாரும் என்னிடம் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

எங்கள் பின்சுவரில் ஒரு வெடிப்பு.
இவ்விடம் வசிப்பதற்கு உகந்ததல்ல
உடன் வெளியேறவும்
என்று மூன்று வருடத்துக்கு முன் வந்த கடிதத்தை
நீளமாகக் கிழித்து
கோதுமைமாப் பசை போட்டு
வெடிப்பின் குறுக்கே ஒட்டியிருந்தேன்.
எங்கே வெளியேறுவது என்று
அதில் எழுதியிருக்கவில்லை.
மற்றபடி நல்ல தடித்த தாள்.

ஈரத் தலையோடு உள்ளே வந்து
வெளிச்சம் அடித்தேன்.
இந்தப் பக்கம் 'உடன்'.
அந்தப் பக்கம் 'வெளியேறவும்'.
நடுவில் என் நகம் நுழைந்தது.

மணியின் கயிறு நனைந்து
பாம்பு மாதிரி கனத்தது.

ஆரோக்கியமேரி
அடைகாத்த கோழியைக் கூடையோடு தூக்கினாள்.
சடையனின் மகள் சாதாரணதரப் புத்தகங்களை
உரப்பையில் திணித்தாள்.
பாலகுரு மட்டும் இஸ்தோப்பில் நின்று,
கையைக் கட்டிக்கொண்டு,
"கோட்டைத் தாண்டிருச்சா?"

"தாண்டிருச்சு."

விடிய இரண்டு மணிநேரம் இருக்க
மலை ஒரு பெருமூச்சு விட்டது.
இடி இல்லை, லொறி இல்லை,
இதுவரை கேட்டறியாத ஏதோ ஒன்று.
பிறகு டர்பன்டைன் மர வாசம்.
ஆறு காம்பரா. கக்கூசு வரிசை. பாலகுருவின் மாடு.
கான் வெட்ட ஆளில்லை என்று
துரை நாலு வருடமாகச் சொல்லிவந்த
மூணாம் நம்பர் மலையில் பாதி.
மானாப்புல் நட்டிருந்த துண்டு மட்டும்
அப்படியே நின்றது,
சவரத்தில் விட்டுப்போன தாடை மாதிரி.

ஜீப்பில் வந்த ஐயா கேட்டார்:
"எத்தனை மில்லிமீட்டர்?"
குழாய் மண்ணுக்குள்.
புத்தகம் என் ரவிக்கைக்குள்.
எடுத்துக் கொடுத்தேன்.
அவர் தோளுக்கு மேலால் பாலகுருவும் படித்தான்.
ஒன்று, மூன்று, இரண்டு.
அவனுக்கு அந்த அளவு வாசிக்கத் தெரியும்.

மூன்றாம் நாள்
உஸ்வெட்டகெய்யாவவில் ஐஸ் போடுகிற தம்பி
அழைப்பெடுத்தான்.
அங்கே கடல் தென்னையைத் தின்று முடித்து
குசினியைத் தொட்டிருக்கிறதாம்.
கல் கொட்டுகிறார்களாம்; கல்லையும் இழுக்கிறதாம்.
"ஆத்துல மண் வரலேன்னு
இஞ்சினியர் சொல்றாரு அக்கா.
ஒங்க மலையில கொஞ்சம் அனுப்பேன்."
சிரித்தான். நானும் சிரித்தேன்.
பாடசாலை வாசலில் நின்றால்
கீழே நீர்த்தேக்கம் தெரியும்,
தேத்தண்ணி நிறத்தில்.
எங்கள் அடுப்பங்கரையும் மாடும்
அணைக்கட்டு மட்டும் போய் நின்றுவிட்டன.
அவன் வாசலுக்குப் போகவேண்டிய மண்
அங்கே சும்மா கிடக்கிறது.

புதுக் குழாய் தந்துவிட்டார்கள்.
வலைப்பந்துக் கம்பத்தருகே நட்டேன்.
ஏழு பேர்ச் தருவதாகவும் பேச்சு;
எந்தச் சரிவில் என்று
இன்னும் சொல்லவில்லை.

காலை எட்டரை.
பாலகுரு பல்குச்சியோடு வந்து நின்றான்.
"என்ன காட்டுது?"

"நாலு."

துப்பினான். மேலே பார்த்தான். குழாயைப் பார்த்தான்.
"நாலுன்னா, நாலேதானா?"

நான் புத்தகத்தை மூடாமல்
சற்றுத் தள்ளி நின்றேன்,
அவனும் குனிய இடம் விட்டு.