மெழுகு காயும் நேரம்

வெயில் ஏறுமுன் முடிக்கணும்.
தகரம் சூடானால் மெழுகு கோந்தாய் இழுக்கும்;
போன தடவை ஜெபக்கனியின் கை
ஐந்து விரலோடு பதிந்து நின்றுவிட்டது.

தொட்டால் சுண்ணாம்பாய் ஒட்டுகிறது வண்டி.
விற்றவர் இரண்டு மழைக்காலம்
ரப்பர் மரங்களுக்கடியில் போட்டிருந்தாராம்.
தேய்க்கிறேன். ஒரு முழம். இன்னொரு முழம்.
ஜன்னல் ரப்பர், ரிவெட் வரிசை, கூரை விளிம்பு.

சமையல் மேடைக்கு நேர் வெளியே
பெயின்ட்டுக்கு அடியிலிருந்து சிவப்பாய் ஓர் எழுத்து.
பிறகு வால் வளைந்த இன்னொன்று.
மலையாளம். எனக்கு வாசிக்க வராது.

புளியரை செக்போஸ்ட்டில் காத்துக் கிடந்த
லாரிக்காரர் இறங்கி வந்து பார்த்தார்.
"சோர எடுக்குன்ன வண்டி" என்றார்.
ஆமா, சோறுதான், உள்ளே உலை கொதிக்குது என்றேன்.
அவர் சிரிக்காமல்
தன் முழங்கை மடிப்பில் விரலால் தட்டி
நரம்பைக் காட்டினார்.

ஜெபக்கனி ஜன்னலில் தலை நீட்டினாள்.
"அப்போ நம்ம கட்டில் கிடக்கிற இடத்துலயா
படுக்க வச்சு எடுத்திருப்பாங்க?"

டப்பாவின் அடியில் மிச்சமிருந்ததை வழித்து
எழுத்துகளின் மேல் பூசினேன்.

வளைவுக்கு மேலிருந்து சாரல் இறங்கிவிட்டது.
தேய்க்காத பாதியில் தண்ணீர் ஊறிப் பரவியது.
சிவப்பின் மேல் மட்டும்
சொட்டுச் சொட்டாக உருண்டு நின்றது.
உள்ளே அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.